நிலம் அளந்த பாயிண்ட் பைலைக் கையாள்வது எப்படி?

மனை வாங்கும்போதும் வீடு கட்டத் தொடங்கும்போதும் தனியார் சர்வேயரை அழைத்து இடத்தை அளந்து கொள்பவர்கள் இப்போது அதிகம். முக்காலி மேல் டோட்டல் ஸ்டேஷன் கருவி, எதிரே கம்பத்தில் பிரிசத்தைப் பிடித்தபடி ஒரு உதவியாளர். அரை நாளில் வேலை முடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து மெயிலில் இரண்டு பைல்கள் வந்து சேரும். ஒன்று ஆட்டோகேட் வரைபடம். மற்றொன்று சில கிலோபைட் மட்டுமே உள்ள ஒரு டெக்ஸ்ட் பைல், அல்லது சி.எஸ்.வி. பைல். வரைபடத்தை பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து இன்ஜினீயரிடம் கொடுப்போம். அந்தச் சின்ன பைலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் கருவி அளந்த அளவுகள் இருப்பது அந்தச் சின்ன பைலில்தான். வரைபடம் அதிலிருந்து வரையப்பட்டது. வரைபடம் கெட்டுப் போனால் பைலை வைத்து மீண்டும் வரைந்து கொள்ளலாம். பைலைத் தப்பாகப் படித்தால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்புதான்.

சர்வே தொழில் செய்யும் நண்பர் ஒருவருக்காக இத்தகைய பைல்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன். சிவில் 3டி போன்ற பெரிய சாப்ட்வேர் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நோட்பேடும் எக்ஸெலும் இருந்தால் இதில் பாதியை நீங்களே செய்து பார்க்கலாம்.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

பைலை நோட்பேடில் திறந்தால் இப்படி இருக்கும்:

1,5000.000,1000.000,50.000,ஸ்டேஷன்
101,5010.000,1010.000,49.850,மூலைக்கல்
102,5022.000,1010.000,49.910,மூலைக்கல்
103,5022.000,1019.000,49.780,மூலைக்கல்
104,5010.000,1022.000,49.640,மூலைக்கல்
105,5014.300,1023.100,49.600,ஈ.பி. போஸ்ட்

ஒரு வரிக்கு ஒரு புள்ளி. முதலில் பாயிண்ட் நம்பர், அடுத்து வடக்கு நோக்கிய தூரமான நார்த்திங், பிறகு கிழக்கு நோக்கிய தூரமான ஈஸ்டிங், பிறகு உயரம், கடைசியில் அது என்ன புள்ளி என்ற குறிப்பு. (கருவியில் இந்தக் குறிப்பு ஆங்கிலச் சுருக்க எழுத்துகளில் இருக்கும். புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.) இந்த வரிசைக்கு சர்வே சாப்ட்வேர்களில் 'பி.என்.இ.இசட்.டி.' என்று பெயர். இதே விவரங்களை ஈஸ்டிங் முதலில் வரும்படி எழுதினால் 'பி.இ.என்.இசட்.டி.' ஆகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எந்த நெட்டு வரிசை எது என்று பைலில் எங்குமே சொல்லப்படவில்லை. மீட்டரா, அடியா என்பதும் இல்லை. 5000 என்பது எங்கிருந்து 5000 என்பதும் இல்லை. புரோகிராம் எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இப்படித் தலைப்பு வரி இல்லாத டேட்டாவைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். சர்வே துறையிலோ பல வருடங்களாக இதுதான் நடைமுறை. எண்கள் பைலில், அவற்றின் அர்த்தம் சர்வேயரின் தலைக்குள்.

பரப்பளவு சரியாக இருந்தாலும் படம் தப்பாக இருக்கலாம்

மேலே உள்ள நான்கு மூலைக்கற்களையும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். மேற்குப் பக்கம் 12 மீட்டர், வடக்குப் பக்கம் 9 மீட்டர், தெற்குப் பக்கம் 12 மீட்டர். கிழக்குப் பக்கம் மட்டும் சாய்வு, சுமார் 12.37 மீட்டர். ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஈ.பி. போஸ்ட் மனைக்கு வெளியே சுமார் 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. பரப்பளவு 126 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,356 சதுர அடி, 3.11 சென்ட்.

இப்போது இதே பைலை யாரோ 'ஈஸ்டிங் முதலில்' என்று நினைத்துப் படித்துவிட்டார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். படம் வரும். எந்த எர்ரர் மெசேஜும் வராது. பரப்பளவு கேட்டால் அதே 126 சதுர மீட்டர். பக்கங்களை அளந்தால் அதே 12, 9, 12, 12.37. பட்டாவோடு ஒத்துப் பார்த்தாலும் சரி, டேப் பிடித்து அளந்தாலும் சரி, எல்லாம் டேலி ஆகும். ஆனால் சாய்வான பக்கம் கிழக்கிலிருந்து வடக்குக்குப் போயிருக்கும். கண்ணாடியில் பார்க்கிற பிம்பம் போல மனை புரண்டுவிட்டது.

நண்பரின் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏறக்குறைய இதே வடிவ மனையில் இது நடந்தது. பிளான் போட்ட இடத்தில் பைலை மாற்றிப் படித்திருக்கிறார்கள். ரோடு கிழக்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும். படத்தில் சாய்வுப் பக்கம் வடக்கே இருந்தது. "வடக்குக் குறி தப்பாக விழுந்திருக்கிறது போல" என்று சொல்லி மொத்தப் படத்தையும் 90 டிகிரி திருப்பிவிட்டார்கள். சாய்வுப் பக்கம் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கண்ணாடிப் பிம்பத்தை எத்தனை டிகிரி திருப்பினாலும் அசல் ஆகாது. வடக்கே 9 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 12 மீட்டரும், தெற்கே 12 இருக்க வேண்டிய இடத்தில் 9-ம் வந்துவிட்டது. கொத்தனார் கயிறு கட்டியபோது வடகிழக்கு முளை, சர்வே கல்லைத் தாண்டி 3 மீட்டர் ரோட்டுக்குள் போய் நின்றது. அதற்குள் தெற்குப் பக்கம் இரண்டு குழிகள் தோண்டியாகிவிட்டது. குழிகளை மூடி, பிளானை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. மூலைக்கல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததால் இத்தோடு போயிற்று. கல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி சர்வேயர் கையில் இருக்கிறது. கருவியை நிறுத்தும் முதல் இடத்துக்குப் பலர் 1000, 1000 என்று இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் எது நார்த்திங், எது ஈஸ்டிங் என்று பைலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நம் உதாரணத்தில் இருப்பதுபோல் நார்த்திங் 5000, ஈஸ்டிங் 1000 என்று கொடுத்தால் 5-ல் தொடங்குவது வடக்கு என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அளக்க வரும்போதே இதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். காசு செலவில்லாத வேலை.

இரண்டாவது வழி எக்ஸெலில். மூலைகளை எப்போதும் கடிகாரம் சுற்றும் திசையிலேயே வரிசையாக எழுதி, கடைசியில் முதல் மூலையை இன்னொரு முறை எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும், அந்த வரியின் ஈஸ்டிங்கை அடுத்த வரியின் நார்த்திங்கால் பெருக்குங்கள். அதிலிருந்து, அடுத்த வரியின் ஈஸ்டிங்கை இந்த வரியின் நார்த்திங்கால் பெருக்கி வருவதைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பரப்பளவு. நம் மனைக்கு விடை மைனஸ் 126 என்று வரும். பலர் இந்த மைனஸைக் கண்டதும் எரிச்சலாகி நீக்கிவிடுவார்கள். நீக்காதீர்கள்! கடிகாரச் சுற்றில் எழுதினால் மைனஸ்தான் வர வேண்டும். பிளஸ் 126 வந்தால் இரண்டு நெட்டு வரிசைகளும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். பரப்பளவின் எண் மறைத்துவிடும் தப்பை அதன் குறி காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது வழி, ஜி.பி.எஸ். வழியாக யு.டி.எம். எண்களில் அளந்த பைல்களுக்கு. தமிழ்நாட்டுக்குள் எந்த ஊராக இருந்தாலும் யு.டி.எம். முறையில் நார்த்திங் எப்போதும் ஈஸ்டிங்கைவிடப் பெரிய எண்ணாகவே இருக்கும். ஈஸ்டிங் ஆறு இலக்கம். நார்த்திங் மதுரைக்கு வடக்கே எங்கும் ஏழு இலக்கம். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ஆறு இலக்கமானாலும் ஒன்பது லட்சத்தை ஒட்டி இருக்கும். சிறிய எண் நார்த்திங் என்று காட்டினால் உடனே சந்தேகப்படுங்கள்.

சாப்ட்வேருக்குள் கொண்டு வருதல்

சிவில் 3டி வைத்திருப்பவர்கள் இன்ஸர்ட் டேபில் 'பாயிண்ட்ஸ் ஃப்ரம் பைல்' என்பதை கிளிக் செய்தால் டயலாக் பாக்ஸ் கிடைக்கும். பைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பார்மட்டைப் பட்டியலிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். கமா உள்ளது, இடைவெளி உள்ளது, நார்த்திங் முதலில், ஈஸ்டிங் முதலில் என்று நீளமான பட்டியல். கீழே பிரிவியூ தெரியும். பிரிவியூ சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். இரண்டும் எண்கள் என்பதால் தப்பான பார்மட்டிலும் அது அழகாகத்தான் தெரியும். 'ஆட் பாயிண்ட்ஸ் டு பாயிண்ட் குரூப்' என்ற கட்டத்தில் டிக் செய்து, ஒவ்வொரு பைலுக்கும் தேதியோடு ஒரு குரூப் கொடுங்கள். பிறகு ஏதாவது தப்பு தெரிந்தால் எந்தப் பைலில் வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

இரண்டாம் நாள் அளந்த பைலும் 101-ல் தொடங்கினால் என்ன ஆகும்? நம்பர் மோதுகிறது என்று சாப்ட்வேர் கேட்கும். புது நம்பர் கொடுக்கலாம், பழையதோடு சேர்க்கலாம், பழையதன் மேலேயே எழுதலாம். அவசரத்தில் கடைசியைத் தேர்ந்தெடுத்தால் முதல் நாள் அளந்த மூலைக்கல் போய், அந்த இடத்தில் இரண்டாம் நாள் அளந்த தென்னை மரம் வந்து உட்கார்ந்து கொள்ளும். முதல் நாள் 1001 முதல், இரண்டாம் நாள் 2001 முதல் என்று கருவியிலேயே நம்பர் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

குறிப்பு எழுத்துகளும் முக்கியம். மரம் என்றால் மரப் படம், போஸ்ட் என்றால் போஸ்ட் படம் என்று சிவில் 3டி தானாகவே போட்டுக் கொடுக்கும். ஆனால் அது பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் களைத்துப் போய் வேறு மாதிரி அடித்தால் பாதி மரங்கள் வெறும் புள்ளிகளாகவே நிற்கும்.

வெறும் ஆட்டோகேட் மட்டும்தான் இருக்கிறதா? எக்ஸெலில் ஈஸ்டிங், கமா, நார்த்திங் என்று ஒரே செல்லில் சேர்த்து, அந்த நெட்டு வரிசை முழுவதையும் காப்பி செய்யுங்கள். ஆட்டோகேடில் பாலிலைன் கட்டளையைக் கொடுத்து, கமாண்ட் லைனில் பேஸ்ட் செய்தால் எல்லைக் கோடு ஒரே நொடியில் விழும். ஆட்டோகேடுக்கு எக்ஸ் என்பது ஈஸ்டிங், ஒய் என்பது நார்த்திங். நம் பைலில் இருப்பதற்கு நேர் எதிர் வரிசை. கண்ணாடிப் பிம்பம் உருவாகும் இடங்களில் இதுவும் ஒன்று. இதையே ஸ்கிரிப்ட் பைலாக எழுதி ஓட்டுபவர்கள், முதலில் எஃப்3 கீயை அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை நிறுத்திவிடுங்கள். ஆட்டோகேடின் வழக்கமான செட்டிங்கில், கீபோர்டில் கொடுத்த எண்ணை ஸ்னாப் தொடாது. ஸ்கிரிப்டில் வரும் எண்ணைத் தொடும். பக்கத்தில் இருக்கிற கோட்டின் முனைக்கு உங்கள் புள்ளி நகர்ந்து ஒட்டிக் கொள்ளும். பெரிய படத்தில் அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

எக்ஸெல் செய்யும் குறும்பு

சி.எஸ்.வி. பைலை டபுள் கிளிக் செய்தால் எக்ஸெலில் திறக்கும். பார்த்துவிட்டு மூடும்போது சேவ் செய்யவா என்று கேட்கும். யெஸ் கொடுத்தால் பைல் மாறிவிட வாய்ப்பு உண்டு.

நம் ஊர் சர்வே எண்களையே எடுத்துக் கொள்ளுங்கள். குறிப்பில் 12/3 என்று உட்பிரிவு எண் எழுதியிருந்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்து மார்ச் 12 ஆக்கிவிடும். 007 என்ற பாயிண்ட் நம்பர் வெறும் 7 ஆகும். எண்ணுக்கு நடுவே இ என்ற ஆங்கில எழுத்து வந்தால் பத்தின் அடுக்கு என்று எடுத்துக் கொண்டு ஆயிரம், லட்சம் என்று மாற்றும். இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி அல்ல. மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே, எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிற காரணத்தால், சில ஜீன்களின் பெயரை மாற்ற நேர்ந்தது; அதைப் பற்றிய விதிமுறை 2020-ல் வெளியானது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-ல் எக்ஸெலில் சேர்த்தது. பழைய எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு அது கிடையாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சி.எஸ்.வி. ஆக சேவ் செய்யும்போது எக்ஸெல், செல்லுக்குள் இருக்கும் முழு எண்ணை எழுதுவதில்லை. திரையில் தெரிவதைத்தான் எழுதும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கிவிட்டு சேவ் செய்தால் மில்லிமீட்டர் போய்விடும். அது பரவாயில்லை. பைலில் இருப்பது அட்சரேகை, தீர்க்கரேகையாக இருந்தால்? டிகிரியில் இரண்டு தசம இலக்கம் என்பது தரையில் சுமார் ஒரு கிலோமீட்டர். மனை அடுத்த ஊருக்கே போய்விடும்!

எனவே பார்ப்பதற்கு நோட்பேட். கணக்குப் போட எக்ஸெல் வேண்டுமானால் காப்பி எடுத்து, டேட்டா டேபில் உள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகத் திறந்து, டேட்டா டைப்பைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் எழுத்தாகவே வரும். கணக்கிட வேண்டிய வரிசைகளை மட்டும் எண்ணாக மாற்றிக் கொள்ளலாம். குறிப்புக்குள் கமா போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. 'ஈ.பி. போஸ்ட், ஓரம்' என்று எழுதினால் 'ஓரம்' ஆறாவது நெட்டு வரிசைக்குப் போய்விடும். கருவியில் அடிக்கும்போதே கமாவைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

43-ஆ, 44-ஆ?

யு.டி.எம். முறையில் உலகம் 6 டிகிரி அகலமுள்ள பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. அதற்கு மேற்கே 43-வது மண்டலம், கிழக்கே 44. கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருநெல்வேலி, ஓசூர் எல்லாம் 43. சென்னை, திருச்சி, மதுரை, சேலம், கிருஷ்ணகிரி, தூத்துக்குடி எல்லாம் 44. ஓசூரில் ஒரு மனை, கிருஷ்ணகிரியில் ஒரு மனை என்று வைத்திருப்பவரின் இரண்டு பைல்களும் வெவ்வேறு மண்டலம். ஆனால் மண்டல எண்ணும் பைலுக்குள் இருக்காது! சென்னை மனையின் எண்களை 43 என்று கொடுத்துத் திறந்தால் சரியாக 6 டிகிரி மேற்கே, 650 கிலோமீட்டர் தள்ளி, மங்களூருக்கு மேற்கே அரபிக் கடலில் போய் விழும்.

இதைச் சரிபார்க்க க்யூஜிஸ் என்ற இலவச சாப்ட்வேர் போதும். லேயர் மெனுவில் 'ஆட் டீலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ் இடத்தில் ஈஸ்டிங்கையும் ஒய் இடத்தில் நார்த்திங்கையும் கொடுங்கள். மண்டலத்துக்கு ஈ.பி.எஸ்.ஜி. எண் கேட்கும், 43-க்கு 32643, 44-க்கு 32644. பின்னணியில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைப் போட்டுக் கொண்டால் உங்கள் தெருவில் புள்ளிகள் விழுகின்றனவா என்று தெரிந்துவிடும். 5000, 1000 என்று சர்வேயர் தன் வசதிக்குக் கொடுத்த எண்களை இப்படி மேப்பில் பார்க்க முடியாது.

மீட்டரா அடியா என்ற கேள்விக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தெரிந்த ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள். 40 அடிப் பக்கம் 12.19 என்று வந்தால் பைல் மீட்டரில் இருக்கிறது.

எதை, எங்கே வைப்பது?

பழைய சர்வே சிடிக்களைத் தேடி எடுப்பவர்கள் கவனிக்க: எல்லா சாப்ட்வேரும் புள்ளிகளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. 2009 பதிப்போடு நின்றுபோன லேண்ட் டெஸ்க்டாப், வரைபடத்துக்கு வெளியே புராஜெக்ட் போல்டரில் தனி டேட்டாபேஸாக வைத்திருந்தது. வரைபடத்தை மட்டும் காப்பி எடுத்தவர்கள் அந்த டேட்டாபேஸை விட்டுவிட்டார்கள். சிவில் 3டி வரைபடத்துக்குள்ளேயே வைக்கிறது. கார்ல்சன் சர்வேயில் தனி பைல்தான். ஆகவே எந்த சாப்ட்வேராக இருந்தாலும் புள்ளிகளை ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலாகவும் எக்ஸ்போர்ட் செய்து வாங்கிக் கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்தும் திறக்கும் பைல் அதுதான்.

கருவியிலிருந்து இறக்கிய அசல் பைலையும் கேளுங்கள். கோணமும் தூரமும் அதில்தான் இருக்கும். அதிலிருந்துதான் மற்ற எண்கள் கணக்கிடப்பட்டன. தர மாட்டேன் என்று சில சர்வேயர்கள் சொல்வார்கள். அளவுக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள், தயங்காமல் கேளுங்கள். வந்ததும் இரண்டையும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' போட்டுவிடுங்கள். வேலை எல்லாம் காப்பியில்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பைல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு வந்தால் இது தீர்ப்பு ஆகாது. அரசு சர்வேயரும் புலப்படமும்தான் பேசும். புலப்படத்தோடு ஒத்துப் பார்க்க இந்தப் பைல் உதவும், அவ்வளவே.

கடைசியாக, அதே போல்டரில் நோட்பேடில் ஒரு குறிப்பு பைல் வையுங்கள். அளந்த தேதி, நெட்டு வரிசைகளின் வரிசை, மீட்டரா அடியா, சொந்த எண்களா யு.டி.எம்.மா, யு.டி.எம். என்றால் எந்த மண்டலம், கருவி நின்ற முதல் இடம் தரையில் எங்கே இருக்கிறது, உயரம் எதிலிருந்து கணக்கிடப்பட்டது, ஒவ்வொரு சுருக்க எழுத்துக்கும் என்ன அர்த்தம். பத்து வரிகூட வராது. சர்வேயர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன், அன்றைக்கே அவரிடம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த வாரம் போன் செய்தால் அவர் வேறு ஊரில் வேறு மனையில் நின்று கொண்டிருப்பார்.